கண்ணுவலி இல்லை, கண் வலிக்கிறது

எங்கள் பக்கத்தில் கண் சிவந்தால் அதற்கு ஒரே பெயர்தான், கண்ணுவலி. அரித்தாலும் கண்ணுவலி, பீளை தள்ளினாலும் கண்ணுவலி, இமை வீங்கினாலும் கண்ணுவலி. டவுனில் இதையே மெட்ராஸ் ஐ என்கிறார்கள். பெயரில் வலி இருக்கிறதே தவிர, வலிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அப்படியிருக்க, நிஜமாகவே கண் வலிக்கிறவன் அதை எந்த வார்த்தையில் சொல்வது? நான் கண் வலிக்கிறது என்றேன். கேட்ட அத்தனை பேர் காதிலும் கண்ணுவலி என்றுதான் விழுந்தது.

என் இடது கண் அந்த வார்த்தையில் மாட்டிக்கொண்டு பட்ட பாட்டைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவன் இல்லை. அப்பா பண்ணையில் ஆளாக இருந்தவர். மற்ற பிள்ளைகளுக்கு எழுத்து பழகிய வயதில் எனக்கு மாடு பழகிவிட்டது. இப்போது நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். “அது இப்ப எதுக்கு மாமா?” என்று நடுவில் நிறுத்துகிறாள். நிறுத்தட்டும். எனக்கு இப்படித்தான் வரும்.

அது சம்பா அறுப்பு. பொங்கல் முடிந்து, நன்னிலத்திலிருந்து அறுவடை மிஷின் எங்கள் முறைக்கு வந்து சேர்ந்தது. மிஷின் வந்துவிட்டால் வயலில் மனிதனுக்கு வேலையில்லை. வரப்பில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, நெல் டிராக்டரில் கொட்டும்போது ஒரு கை அள்ளி வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனால் வடிகால் ஓரம் ஒரு மூலை இருந்தது. கடைசி மழையில் பயிர் அங்கே சாய்ந்து, தண்ணீர் வடியாமல் சேறாகக் கிடந்தது. மிஷின்காரன் இறங்கமாட்டேன் என்றான். இறங்கினால் செயின் புதைந்துவிடும், இழுக்க இன்னொரு வண்டி வேண்டும் என்றான். மகன் அந்த மூலையை விட்டுவிடலாம் என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

சாய்ந்த பயிரை அறுப்பது நின்ற பயிரை அறுப்பதுபோல் இல்லை. படுத்துக் கிடப்பதைத் தூக்கிப் பிடித்து அறுக்க வேண்டும். அப்படி ஒரு பிடியைத் தூக்கும்போது, அதனடியில் மடங்கியிருந்த ஒரு தாள் விடுபட்டு, வில்லிலிருந்து கிளம்பினதுபோல் வந்து இடது கண்ணில் அடித்தது. நெல் தோகை ஓரம் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், மெல்லிய அரம். கண்ணை மூடிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, அந்தத் தண்ணீரையே அள்ளி அடித்துக்கொண்டேன். அறுப்பில் இதெல்லாம் ஒரு விஷயமா? மிஷின் வராத காலத்தில் நாங்கள் ஊரே குனிந்து அறுத்தவர்கள். நெல் தாளின் சுணை படாத கண் யாருக்கு இருந்தது?

மறுநாள் கழித்துக் காலையில் கண் சிவந்திருந்தது. வாசல் கூட்டிக்கொண்டிருந்த என் மனைவி, அங்கிருந்தபடியே பார்த்தாள்.

“கண்ணுவலியா? அங்கயே இருங்க, கிட்ட வராதீங்க” என்றாள்.

அன்றைக்கே என் துண்டு தனி, டம்ளர் தனி. கட்டில் உரமூட்டை வைக்கிற அறைக்குப் போனது. பக்கத்தில் யூரியா மூட்டை, தலைமாட்டில் மருந்தடிக்கிற ஸ்பிரேயர். ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. கண்ணுவலிக்காரன் கண்ணைப் பார்த்தாலே பார்த்தவனுக்கு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். அதனால் யாரும் பார்க்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை நீட்டுகிறவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டுவாள். கடைத்தெருவில் கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிவிட்டார்கள். அதோடு என் கண் யாருக்கும் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது. டீக்கடைக்காரன் மட்டும், கண்ணாடி வாங்குவதற்கு முன்னால், எட்ட நின்று ஒரு தடவை பார்த்தான். “என்ன பெரியவரே, விடிஞ்சதும் விடியாததுமா போட்டாச்சா?” என்று கேட்டான். நான் குடிக்கிறவன் இல்லை என்று அவனுக்கே தெரியும். கடையில் இருந்தவர்கள் சிரிக்க வேண்டும், அவனுக்கு அது போதும்.

நிஜமான கண்ணுவலி எனக்குத் தெரியாதா? எங்கள் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது நடவு நேரத்தில் ஒரு தடவை வந்தது. ஒரு பெண்ணுக்கு வந்து, வரிசையில் நட்ட அத்தனை பேருக்கும் பரவியது. சேற்றுக் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து, முந்தானை மாற்றி முந்தானை பிடித்து, ஊர் முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. எனக்கும் வந்தது. காலையில் இரண்டு கண்ணும் பீளையில் ஒட்டிக்கொண்டு, வெந்நீர் வைத்துக் கழுவினால்தான் திறக்கும். மணல் விழுந்ததுபோல் உறுத்தும். ஆனால் வலி கிடையாது. வெயிலில் நின்று நாற்று அள்ளிப் போட்டிருக்கிறேன். ஒரு வாரத்தில் வந்த வழியே போய்விட்டது.

இது அப்படியில்லை. ஒரு கண்ணில்தான் இருந்தது. பீளை இல்லை, தண்ணீர்தான் வழிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தால் வெளிச்சம் ஊசியாக இறங்கும். புருவத்துக்கு உள்ளே யாரோ உட்கார்ந்து இடிப்பதுபோல் வலி. இதையெல்லாம் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து மனைவியிடம் சொன்னேன். ஒரு கண்ணில்தான் இருக்கிறது என்று சொன்னதற்கு, நாளைக்கு மற்ற கண்ணுக்கு வரும், அவசரப்படாதீர்கள் என்றாள். வெளிச்சம் ஆகவில்லை என்றேன். கண்ணாடியைக் கழற்றாதீர்கள் என்றாள். வலிக்கிறது என்றேன்.

“கண்ணுவலின்னா வலிக்காம என்ன செய்யும்?” என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் சாய்ந்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பெண் குழந்தை பெற்று வந்திருந்தாள். கண்ணுக்குத் தாய்ப்பால் விட்டால் குளிர்ச்சி என்று அவளிடம் கேட்டிருக்கிறார்கள். கைக்குழந்தைக்காரி கண்ணுவலி வீட்டுக்கு எப்படி வருவாள்? பாலாடையில் பீய்ச்சி வேலிக்கு மேலே கொடுத்தனுப்பினாள். அதை விட்டார்கள். விட்டதும் என் மனைவி கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள். மருமகள் அப்போது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். இருந்திருந்தால் தடுத்திருப்பேன் என்று இப்போது சொல்கிறாள். இருக்கலாம்.

பிறகு மருந்துக்கடை. நான் கறுப்புக் கண்ணாடியோடு படியில் ஏறும்போதே கடைக்காரர் அலமாரிப் பக்கம் கையை நீட்டிவிட்டார். கண்ணாடியைக் கழற்றப் போனேன், கழற்ற வேண்டாம் என்று சைகை காட்டினார். இப்போது எல்லாருக்கும் இதுதான், இந்தச் சொட்டு மருந்து சீக்கிரம் கேட்கும் என்றார். கேட்கத்தான் கேட்டது. இரண்டு மூன்று நாளில் சிவப்பு அடங்கியது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. கட்டிலைத் திரும்ப உள்ளே கொண்டுவரலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. ஆனால் அடங்கிய சிவப்பு திரும்ப வந்தது. வலி முன்னைவிட ஒரு பங்கு கூட வந்தது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு ஸ்பிரேயரைப் பார்த்தால், மார்கழிப் பனியில் பார்ப்பதுபோல் இருந்தது. மறுபடி கடைக்குப் போனேன். அதே மருந்தில் இன்னொரு பாட்டில் கொடுத்தார்.

மகன் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். அவன் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காவல் கிடந்தான். சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை, ஈரம் அதிகம் என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் சொல்லித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது. தார்ப்பாயை மூடுவதும் திறப்பதுமாக அவன் அங்கேயே சாப்பிட்டுத் தூங்கினான். அவன் மேல் தப்பு சொல்லமாட்டேன். ஆனால் போனில் அவன் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது.

“நெல்லு ஏறுனதும் கூட்டிட்டுப் போறேன்ப்பா. கண்ணுவலிதானே, எங்க ஓடிடப் போவுது?”

அன்றைக்கு உரமூட்டைக்கு நடுவே படுத்துக்கொண்டு இன்னொரு சிவப்பை நினைத்துக்கொண்டிருந்தேன். சில வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு இருமல் வந்தது. இருமி இருமி, ஒரு நாள் காலையில் பார்த்தால் வெள்ளை விழியில் வெற்றிலை எச்சில் துப்பினதுபோல் ரத்தத் திட்டு. வலி இல்லை, கூச்சம் இல்லை, பார்வை அப்படியே இருந்தது. எனக்கே தெரியவில்லை, எதிரில் வந்தவர்கள்தான் அலறினார்கள். உடனே ஆட்டோ வைத்து, இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சின்ன ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, தானாகக் கரைந்துவிடும், மருந்தே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். கரைந்துவிட்டது. ஒன்றுமே இல்லாத கண்ணுக்கு ஆட்டோ. உயிர் போகிற கண்ணுக்கு உரமூட்டை அறை. கேட்டால், அது ரத்தம், இது கண்ணுவலி என்கிறார்கள்.

அப்போதுதான் மச்சான் நினைவு வந்தது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், குத்தாலத்தில் இருந்தவர். அவருக்கு ஒரு பக்கம் மண்டையிடி, அந்தப் பக்கத்துக் கண் சிவப்பு, கூடவே வாந்தி. வாந்தி வந்ததால் பித்தம் என்றார்கள். சுக்குக் கஷாயம் கொடுத்து, எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள். விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி தெரிகிறது என்று சொன்னாராம், பித்தம் தலைக்கேறிவிட்டது என்றார்களாம். கண்ணுக்குள் தண்ணீர் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அதற்குள் அந்தக் கண் போய்விட்டது. நான் மனைவியைக் கூப்பிட்டு, உங்கள் அண்ணனுக்கும் இப்படித்தானே ஆயிற்று என்றேன்.

“எங்கண்ணனுக்குக் கண்ணுவலியா வந்துச்சு? அது பித்தம்” என்றாள்.

மறுநாள் காலையில் நானாகவே கும்பகோணத்துக்கு பஸ் ஏறினேன். அவள் விடமாட்டேன் என்று பின்னாலேயே வந்து, பஸ்ஸில் நாலு சீட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். என் பக்கத்து சீட்டு கும்பகோணம்வரை காலியாகவே வந்தது. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட உட்காரவில்லை.

கண் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் நின்று வருகிறவர்களைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

“கண்ணு வலிக்குதும்மா” என்றேன்.

“கண்ணுவலியா? அந்த பெஞ்சுல உட்காருங்க தாத்தா” என்று விரலைக் காட்டினாள்.

அந்த பெஞ்சு வராந்தாக் கடைசியில், ஜன்னல் ஓரம். முழு வெயிலும் முகத்தில். அதில் இருந்தவர்கள் எல்லாரும் நிஜமான கண்ணுவலிக்காரர்கள். இமை ஒட்டிப்போன இரண்டு குழந்தைகள், அவர்களின் அம்மா, ஒரு கல்லூரிப் பையன். எனக்கு இல்லாத நோய் இங்கே உட்கார்ந்தால் வந்துவிடும்போலிருந்தது. துண்டால் தலையோடு மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். எங்களுக்குப் பின்னால் வந்த கண்புரைக்காரர்கள், கண்ணாடிக்காரர்கள் எல்லாம் உள்ளே போய் வெளியே வந்தார்கள். மற்றவர்களுக்குத் தொற்றக்கூடாது என்று எங்கள் பெஞ்சைக் கடைசியாகத்தான் கூப்பிடுவார்களாம். மனைவி தூணுக்குப் பின்னாலிருந்து, இதற்குத்தான் வீட்டிலேயே இருங்கள் என்றேன் என்றாள். எனக்கு எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. வலிதான் உட்காரவைத்தது.

மத்தியானம் ஆகும்போது நர்ஸ் ஒருத்தி பெஞ்சுக்கு வந்தாள். ஒவ்வொருவரையும் வரிசையாகக் கேட்டாள். என்றிலிருந்து, இரண்டு கண்ணுமா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா. என்னிடம் வந்தபோது கூடுதலாக ஒரு கேள்வி கேட்டாள். கண்ணில் ஏதாவது பட்டதா என்றாள்.

“நெல்லுத் தாளு அடிச்சிச்சும்மா.”

அவள் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றுங்கள் என்றாள். குனிந்து, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாள். இத்தனை நாளில் என் கண்ணைக் கிட்ட வந்து பார்த்த முதல் ஆள்.

“இத ஏன் தாத்தா வாசல்லயே சொல்லல?”

“வாசல்ல கேக்கலியேம்மா.”

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அத்தனை பேரையும் தாண்டி. ஊரெல்லாம் வலி வலி என்று கத்தினேன், கதவு திறக்கவில்லை. நெல்லு என்றதும் திறந்துவிட்டது.

முதலில் பார்வை பார்த்தார்கள். எனக்கு எழுத்து தெரியாது என்றதும் வேறொரு அட்டையை வைத்தார்கள். அதில் மூன்று பல் சீப்பு மாதிரி ஒன்று, பெரிதும் சின்னதுமாக. பல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்ட வேண்டும். வலது கண்ணால் நாலைந்து வரிசை காட்டினேன். இடது கண்ணுக்கு மேல் வரிசைச் சீப்பே ஒரு கறுப்பு மூட்டையாகத்தான் தெரிந்தது. கையை எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல் நடுவில் வைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மாவுக்கு என் மருமகள் வயது இருக்கும். நிறையக் கேட்டார். அரிக்கிறதா, உறுத்துகிறதா, வலிக்கிறதா? மூன்றையும் தனித்தனியாகக் கேட்டார். வலிக்கிறது என்றேன். சரி, வலி என்று சொல்லி அடுத்ததற்குப் போனார். பிறகு ஒரு மேஜையில் தாடையை வைத்து, நெற்றியை ஒரு பட்டையில் அழுத்தச் சொன்னார். எதிரில் பூதக்கண்ணாடி மாதிரி ஒரு மிஷின். மெல்லிய கோடாக ஒரு வெளிச்சம் கண்ணில் ஏறி நடந்தது. அப்புறம் ஆரஞ்சு நிறக் காகிதத் துண்டு ஒன்றை இமைக்குள் தொட்டு எடுத்தார். கண்ணெல்லாம் மஞ்சள். விளக்கை நீலமாக மாற்றினார். புண் இருக்கிற இடம் மட்டும் பச்சையாக ஒளிவிடுமாம். என் மனைவியை மிஷின் பக்கம் கூப்பிட்டு, பாருங்கம்மா என்றார். அவள் தயங்கினாள். இது ஒட்டாது, பாருங்கள் என்று சொன்ன பிறகு பார்த்தாள்.

கருவிழியில் புண். அதைக் கொஞ்சம் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்துவிட்டு, பூஞ்சை என்றார்கள். நெற்பயிரிலும் மண்ணிலும் இருக்கிறதுதானாம். பயிரில் பூஞ்சை வந்தால் எனக்குத் தெரியும், இலையைத் திருப்பிப் பார்ப்பேன். என் கண்ணைத் திருப்பிப் பார்க்க ஆளில்லை.

என்ன மருந்து விட்டீர்கள் என்று கேட்டார். மனைவி பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு மேஜையில் வைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

“ஐயா, இது சிவப்பை மட்டும் அடக்கும். உள்ள இருக்கற பூஞ்சைக்கு இது சோறு போடற மாதிரி” என்றார்.

அப்புறம் மனைவியை உட்காரவைத்துச் சொன்னார். இரண்டு கண்ணிலும் பீளையோடு வந்தால் பெரும்பாலும் ஒட்டுகிற கண்ணுவலி. அரிப்பு மட்டும் என்றால் தூசியோ வைக்கோலோ ஒத்துக்கொள்ளாததாக இருக்கலாம். ஆனால் வலி, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல், இதில் எது சேர்ந்தாலும் சிவப்பைப் பார்த்துக்கொண்டு உட்காரக்கூடாது, அன்றைக்கே வர வேண்டும். மண்டையிடியும் வாந்தியும் சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது. என் மனைவி தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். குத்தாலத்து அண்ணனை நினைத்திருப்பாள்.

ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்தார்கள். மணிக்கொரு தரம் சொட்டு. விடுகிறவள் அவள்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டு நீட்டினவள், என் இமையை விரலால் விரித்துப் பிடித்து, மூச்சு முகத்தில் படும் தூரத்தில் குனிந்து விட வேண்டியிருந்தது. ஒரு தடவை விடுவதற்கு முன்னால் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன என்றேன்.

“நடுவுல வெள்ளையா இருக்குங்க. அன்னிக்கே பாத்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்” என்றாள்.

நெல்லு ஏறிவிட்டது என்று மகன் போன் பண்ணியது அதற்கப்புறம்தான்.

புண் ஆறிவிட்டது. கண் தங்கிவிட்டது, அதற்கு டாக்டரம்மாவைக் கும்பிட வேண்டும். ஆனால் ஆறின இடத்தில் வெள்ளையாகத் தழும்பு நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் அதைப் பூ விழுந்த கண் என்பார்கள். கெட்டுப்போன பிறகு வைக்கிற பெயர் மட்டும் எவ்வளவு அழகு. கடைசியாகக் காட்டப் போனபோது அதே சீப்பு அட்டையை வைத்தார்கள். மேல் வரிசை மட்டும் காட்டினேன். அதற்குக் கீழே இறங்க முடியவில்லை. இனிமேல் இவ்வளவுதானா என்று கேட்டேன். கருவிழியை மாற்றிவைக்கிற ஆபரேஷன் இருக்கிறது, இன்னும் கொஞ்ச காலம் போகட்டும் என்றார். இப்போது வரப்பில் நின்று வலது கண்ணைப் பொத்தினால், பச்சை தெரிகிறது. எது என் வயல், எது அடுத்தவன் வயல் என்று தெரியவில்லை.

கடைசியாகக் காட்டிவிட்டு அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போதும் கண்ணாடி போட்டிருந்தேன். வெயில் இன்னும் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. மனைவி இந்தத் தடவை பக்கத்தில் உட்கார்ந்தாள். முன் சீட்டில் குழந்தையோடு இருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்து, கண்ணுவலியா என்று கேட்டாள்.

“கண்ணுவலி இல்லம்மா, கண்ணு வலிச்சிச்சு” என்றேன்.

அவள் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு பின் சீட்டுக்குப் போய்விட்டாள்.